ஸ்பீக்கர் ஒயர் முதல் ஃபோனோ கேபிள் வரை: எந்த இணைப்பில் வித்தியாசம் கேட்கிறது?

வீட்டு ஹை-ஃபை அமைப்பில் கேபிளை மாற்றிப் பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது ஸ்பீக்கர் கேபிளில்தான். தெருமுனை எலக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் சிவப்பு-கறுப்பு ஒயரிலிருந்து, ஆம்ப்ளிஃபயரின் விலையையே விஞ்சும் பின்னல் கேபிள் வரை அங்கே எல்லா விலைகளிலும் சரக்கு இருக்கிறது. என் வரவேற்பறை அமைப்பில் ஒரு ஸ்டீரியோ ஆம்ப், ஒரு ஜோடி சிறு ஸ்பீக்கர், மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ் (ஊசியோடு காந்தம் அசைந்து மின்சைகை உண்டாக்கும் வகை) பொருத்திய இசைத்தட்டு டர்ன்டேபிள், மடிக்கணினியோடு இணையும் ஒரு டிஏசி (எண்வடிவ இசையை மின்சைகையாக மாற்றும் கருவி) ஆகியவை உள்ளன. இவற்றுக்கு இடையேயான இணைப்புகளில் மாற்றுக் கேபிள்களை மாட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கேட்டதன் விவரமே இந்த அலசல். பணம் அதிகம் புரளும் இணைப்பு ஒன்று, வித்தியாசம் அதிகம் கேட்கும் இணைப்பு வேறொன்று என்பதுதான் இதில் எனக்குத் தெளிவானது.

ஒப்பிட்ட முறையை முதலில் சொல்லிவிடுவது நியாயம். எந்தக் கேபிள் மாட்டியிருக்கிறது என்பதை அறிந்துகொண்டே கேட்டால், அதன் தடிமனும் விலையும் காதுக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடும். ஆகவே கேபிளை மாற்றும் வேலையை வீட்டிலுள்ள வேறொருவரிடம் விட்டுவிட்டு, ஆம்ப்பின் பின்புறத்தைத் துணியால் மறைத்துக்கொண்டேன். இரண்டாவதாக, அரை டெசிபெல்லுக்கும் குறைவான ஒலியளவு வேறுபாடு 'சத்தம் கூடியது' என்று தோன்றாமல் 'தெளிவு கூடியது' என்றே தோன்றும் என்பதால், 400 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து ஏசி வோல்டேஜைச் சமப்படுத்திய பிறகே இசையைக் கேட்டேன். (விலை குறைந்த மீட்டர்கள் உயர் அதிர்வெண்களில் தவறான அளவு காட்டும், 400 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.) அமெரிக்கரான டேவிட் கிளார்க் 1982இல் ஒலிப் பொறியியல் கழகத்தின் ஆய்விதழில் விவரித்த ஏபிஎக்ஸ் முறை (மறைத்து ஒலிக்கும் எக்ஸ் என்பது ஏ-யா, பி-யா என்று கண்டுபிடிப்பது) இதைவிடக் கடுமையானது, அதில் 16 முறை கேட்டுக் குறைந்தது 12 முறை சரியாகச் சொன்னால்தான், அது குருட்டாம்போக்கில் நேர்ந்திருக்கும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். வீட்டில் அவ்வளவு பொறுமை எல்லோருக்கும் இருக்காது; ஆனால் கண்ணை மறைப்பதும் அளவைச் சமப்படுத்துவதும் இல்லாத ஒப்பீட்டை நான் கணக்கில் எடுப்பதில்லை.

ஸ்பீக்கர் கேபிளில் நான்கு வகைகளை வைத்துப் பார்த்தேன்: 0.5 சதுர மில்லிமீட்டர் மெல்லிய ஒயர். வீட்டு ஒயரிங்குக்குப் பயன்படும் 2.5 சதுர மில்லிமீட்டர் பல இழைச் செம்பு ஒயர். அதே தடிமனில் ஆக்சிஜன் நீக்கிய செம்பு என்று விற்கும் பிராண்டு கேபிள். நண்பரிடம் இரவல் வாங்கிய வெள்ளி முலாம் பூசிய பின்னல் கேபிள். ஒவ்வொன்றும் 5 மீட்டர் நீளம். மின்சாரம் போகவும் வரவும் வேண்டும் என்பதால் கணக்கில் அது 10 மீட்டர். அந்த நீளத்துக்கு 0.5 ஒயரின் மின்தடை ஏறத்தாழ 0.39 ஓம், 2.5 ஒயருக்கு 0.08 ஓம். இரண்டுமே சின்ன எண்கள்தானே என்று தோன்றலாம். ஆனால் 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்களிலும் 8 ஓமாக இருப்பதில்லை. என்னுடையது ஓரிடத்தில் 4 ஓம் அருகே இறங்கி, பாஸ் பகுதியில் 20 ஓம் வரை ஏறுகிறது. இப்படி அதிர்வெண்ணுக்கேற்ப மாறும் தடையான இம்பீடன்ஸ் தாழும் இடத்தில் கேபிள் அதிகமாக விழுங்கும், உயரும் இடத்தில் குறைவாக விழுங்கும். இப்படிப் பார்த்தால் மெல்லிய ஒயர் ஸ்பீக்கரின் அதிர்வெண் சமநிலையை 0.6 டெசிபெல்லுக்குச் சற்று மேல் வளைக்கிறது. தடித்த ஒயரில் இந்த வளைவு 0.14 டெசிபெல்தான். ஒலியளவைச் சமன் செய்த பிறகும் மெல்லிய ஒயரில் பாஸ் கொஞ்சம் பருத்துத் தளர்ந்து ஒலித்ததை மறைவில் வைத்தே கண்டுபிடிக்க முடிந்தது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் நல்ல சாட்சி.

ஆனால் 2.5 சதுர மில்லிமீட்டரை எட்டியதும் வித்தியாசம் நின்றுபோனது. வீட்டு ஒயருக்கும் பிராண்டு கேபிளுக்கும் இடையில் எதையும் என்னால் பிரித்தறிய முடியவில்லை. அதற்கான காரணமும் எளிது. சாதாரண மின்கடத்திச் செம்பு 99.9 சதவீதத் தூய்மை கொண்டது, ஆக்சிஜன் நீக்கியது 99.95 சதவீதம்; இரண்டின் கடத்துதிறனும் நடைமுறையில் ஒன்றே. வெள்ளி செம்பைவிடச் சுமார் 6 சதவீதமே நன்றாகக் கடத்தும். முழுக்க வெள்ளியால் ஆன கேபிள் தரும் இந்த ஆதாயத்தைச் செம்பின் தடிமனில் 6 சதவீதம் கூட்டினாலே பெற்றுவிடலாம். மேலோட்டமான முலாமைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2007இல் அமெரிக்க மாயவித்தைக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் விலையுள்ள ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரணக் கேபிளிலிருந்து பார்க்காமலே பிரித்துச் சொல்பவருக்குத் தம் அறக்கட்டளையின் 10 லட்சம் டாலர் பரிசு உண்டு என்று அறிவித்தார். சவாலை ஏற்க ஆள் முன்வந்தும் அந்தச் சோதனை நடக்காமலேயே போய்விட்டது.

பின்னல் கேபிளில் மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. இழைகளை நெருக்கிப் பின்னுவதால் மின்தூண்டல் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம்) குறையும். அதற்கு விலையாக மின்தேக்குத்திறன் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் குணம்) கூடும். சில ஆம்ப்கள் இந்தச் சுமையைத் தாங்காமல் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் தாமாகவே அலைவுறத் தொடங்கிவிடும். பிரிட்டனின் நைம் நிறுவனம் தன் ஆம்ப்களுக்குத் தன்னுடைய கேபிளையே, அதுவும் 3.5 மீட்டருக்குக் குறையாமல் பயன்படுத்தச் சொல்வது வெறும் வியாபாரப் பேச்சு அன்று. அந்தக் கேபிளின் மின்தூண்டலை ஆம்ப்பின் நிலைத்தன்மைக்கான ஓர் உறுப்பாகவே அவர்கள் கணக்கில் சேர்த்திருந்தார்கள். என் ஆம்ப்பில் சிக்கல் ஏதும் வரவில்லை. ஆதாயமும் தென்படாததால் கேபிள் நண்பரிடமே திரும்பிவிட்டது.

செம்பு வாங்கும்போது உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறு ஒன்று. இணையக் கடைகளில் தடித்த ஸ்பீக்கர் கேபிள் என்று மலிவாகக் கிடைப்பவற்றில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு போர்த்தியவை. சிசிஏ என்ற மூன்று எழுத்துகள் விவரக்குறிப்பின் கடைசி வரியில் ஒளிந்திருக்கும். அதன் மின்தடை செம்பைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, 2.5 என்று வாங்கினால் 1.6தான் கையில் கிடைத்ததாகக் கொள்ள வேண்டும். ஓர் இழையைப் பிரித்தெடுத்து பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகப் பளபளக்கும். கையில் தூக்கினாலே கனம் போதாது என்பதும் தெரியும். முலாம் பூசாத நல்ல செம்பு எவ்வளவு சுரண்டினாலும் சிவப்பாகவே இருக்கும். கண்ணாடி போன்ற பிவிசி உறைக்குள் செம்பு பச்சை பூத்துப்போவது கடற்கரை ஊர்களில் சகஜம். அதற்காகக் கேபிளையே தூக்கி எறிய வேண்டியதில்லை, முனையில் சில சென்டிமீட்டரை வெட்டிவிட்டுப் புதிதாக உரித்து முறுக்கினால் போதும்.

என் அமைப்பில் இப்போது இருப்பது வீட்டு ஒயர்தான். சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒற்றை ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கி, முனைகளில் பனானா பிளக் பொருத்தியிருக்கிறேன். முறுக்குவது அழகுக்காக அல்ல; இரண்டும் நெருங்கி ஓடினால் மின்தூண்டல் குறையும்.

டிஏசியிலிருந்து ஆம்ப்புக்குச் செல்லும் ஆர்சிஏ கேபிளில் (நடு ஊசியும் அதைச் சுற்றிய வளையமும் கொண்ட பிளக் உடையது) கதை சுருக்கமானது. டிஏசியின் வெளியீட்டு இம்பீடன்ஸ் சில நூறு ஓம், ஆம்ப்பின் உள்ளீடு பல ஆயிரம் ஓம். 600 ஓம் வெளியீட்டோடு ஒரு மீட்டருக்கு 100 பைக்கோஃபாரட் மின்தேக்குத்திறன் உள்ள கேபிளை ஒரு மீட்டர் நீளத்துக்கு இணைத்தால், உயர் அதிர்வெண்களின் சரிவு தொடங்குவது 26 லட்சம் ஹெர்ட்ஸுக்கு மேலே; நம் காது 20,000 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே இங்கே கேபிளின் 'குணம்' என்று ஒன்று இல்லை. உள்ள ஒரே வித்தியாசம் இரைச்சலில்தான். இரண்டு கருவிகளின் மின்வழங்கிகளிலிருந்து கசியும் சிறு மின்னோட்டம் கேபிளின் வெளிக்கவசம் வழியாகவே பாய்கிறது. அந்தக் கவசத்தின் மின்தடையில் உருவாகும் வோல்டேஜ் நேராக இசையோடு கலந்து 50, 100 ஹெர்ட்ஸ் உறுமலாக வெளிவருகிறது. கருவியோடு இலவசமாக வந்த கேபிளைப் பிரித்துப் பார்த்தபோது, கவசம் என்ற பெயரில் சில மெல்லிய இழைகள் அங்கங்கே சுற்றியிருந்தன. நெருக்கமான செம்புப் பின்னல் கொண்ட நடுத்தர விலைக் கேபிளை மாட்டியதும் உறுமல் கேட்கும்படியாகக் குறைந்தது. அதற்கு மேல் செலவழிக்க இங்கே எதுவும் இல்லை.

டர்ன்டேபிளிலிருந்து, அதன் மெல்லிய சைகையைப் பெருக்கும் ஃபோனோ முன்பெருக்கிக்குச் செல்லும் கேபிள்தான் இந்த ஒப்பீட்டின் உண்மையான போட்டிக்களம். வெளித்தோற்றத்தில் அதுவும் ஆர்சிஏ கேபிள்தான். ஆனால் அதன் மறுமுனையில் இருப்பது சில நூறு ஓம் கொண்ட டிஏசி அன்று, ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட கம்பிச்சுருள். பலரிடமும் இருக்கும் ஆடியோ-டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜின் மின்தூண்டல் 550 மில்லிஹென்றி; அதற்கு நிறுவனம் பரிந்துரைக்கும் மின்தேக்குத்திறன் 100 முதல் 200 பைக்கோஃபாரட் வரை. இந்தச் சுருளும் கேபிளின் மின்தேக்குத்திறனும் சேர்ந்து, நம் செவிப்புலனுக்குள்ளேயே விழும் ஓர் ஒத்ததிர்வை, அதாவது ஒலி தூக்கலாகும் ஓர் உச்சியை, உண்டாக்குகின்றன. மீட்டருக்கு 150 பைக்கோஃபாரட் உள்ள ஒன்றரை மீட்டர் கேபிள் என்றால் 225. முன்பெருக்கியின் உள்ளீட்டில் 100, கார்ட்ரிட்ஜைத் தாங்கும் டோன்ஆர்முக்குள் ஓடும் ஒயரில் சுமார் 30 என்று கூட்டினால் 350ஐத் தாண்டுகிறது. ஒத்ததிர்வு அப்போது சுமார் 11,500 ஹெர்ட்ஸில் விழும். மீட்டருக்கு 60 பைக்கோஃபாரட் உள்ள கேபிளை அதே நீளத்தில் மாட்டினால் மொத்தம் 220 ஆகி, ஒத்ததிர்வு 14,500க்கு ஏறிவிடும்.

இந்த எண்கள் காதில் எப்படி விழுகின்றன என்பதுதான் சுவாரசியம். மின்தேக்குத்திறன் கூடிய கேபிளில் பாடகியின் 'ச', 'ஸ' ஒலிகள் கூர்மையாகிச் சீறின. வயலினின் மேல் ஸ்தாயியில் ஒரு கறார்த்தனம் ஏறியது. அதற்கு மேலே இருக்க வேண்டிய காற்றோட்டமோ, அதாவது மிக உயர்ந்த ஒலிகள் தரும் திறந்த உணர்வோ, மங்கிப்போனது. ஒத்ததிர்வின் உச்சி கீழே இறங்கினால், உச்சிக்கு அடியில் ஒலி தூக்கலாவதும் உச்சிக்கு மேல் சரிவு முன்னதாகவே தொடங்குவதும் எதிர்பார்க்க வேண்டியவையே. குறைந்த மின்தேக்குத்திறன் கேபிளுக்கு மாறியதும் இரண்டு கோளாறுகளும் ஒருசேர அடங்கின. மறைவில் கேட்டபோது தயக்கமின்றி ஒவ்வொரு முறையும் பிரித்துச் சொல்ல முடிந்த ஒரே ஜோடி இதுதான். இத்தனைக்கும் இரண்டின் விலையும் ஏறக்குறைய ஒன்றே.

ஆகவே ஃபோனோ கேபிள் வாங்கும்போது உறையின் நிறத்தையும் பிளக்கின் தங்கப் பூச்சையும் விட்டுவிட்டு, மீட்டருக்கு எத்தனை பைக்கோஃபாரட் என்று கேட்க வேண்டும். விவரக்குறிப்பில் அது இல்லையென்றால், மின்தேக்குத்திறன் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டரை நடு ஊசிக்கும் வெளிக்கவசத்துக்கும் இடையில் வைத்து, இரு முனைகளும் எதிலும் இணையாத நிலையில் அளக்கலாம். நுரைப்பொதிவு கொண்ட கோஆக்சியல் கேபிளில் நாமே செய்துகொள்வதும் எளிது. அதில் மீட்டருக்கு 53 பைக்கோஃபாரட் வரை இறங்கலாம். டிடிஎச் இணைப்புக்கு வரும் கேபிள் மட்டும் வேண்டாம்: அதன் பின்னல் அலுமினியம் என்பதால் ஈயப் பற்று பிடிக்காது, விறைப்பினால் டர்ன்டேபிளையே இழுத்து நகர்த்தும். காந்தத்துக்குப் பதில் சுருளே அசையும் மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் வைத்திருப்போருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவற்றின் மின்தூண்டல் மிகக் குறைவு.

கருவிகளைச் சுவர் பிளக்கோடு இணைக்கும் மின்கம்பியை நான் மாற்றவில்லை. மாற்றும் எண்ணமும் இல்லை.

எஞ்சியது மடிக்கணினிக்கும் டிஏசிக்கும் இடையிலான இணைப்பு. யூஎஸ்பி, 75 ஓம் கோஆக்சியல், 1983இல் தோஷிபா அறிமுகப்படுத்திய டாஸ்லிங்க் என்ற ஒளியிழைக் கேபிள் ஆகிய மூன்றும் எண்களைப் பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது, இசையில் வித்தியாசம் கேட்க இடமே இல்லை. ஆனால் யூஎஸ்பியும் கோஆக்சியலும் செம்பு என்பதால் கணினியின் மின் இரைச்சலும் அவற்றோடு ஏறி வந்துவிடும். ஒளியிழையில் அதற்கு வழியில்லை. மவுஸை அசைக்கும்போது ஸ்பீக்கரில் கீச்சென்று கேட்பவர்கள் முதலில் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பார்க்கட்டும். சத்தம் நின்றுவிட்டால், விலை உயர்ந்த யூஎஸ்பி கேபிளுக்குப் பதிலாக மலிவான ஒளியிழைக் கேபிளே போதும். மாதிரியெடுப்பு வீதம் 96 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட இசைக் கோப்புகளை வைத்திருப்பவர்கள் மட்டும், தங்கள் கருவியின் ஒளியிழை உள்ளீடு அதை ஏற்கிறதா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.