கேஸ் போகவில்லை, ஃபியூஸ்தான் போனது

இட்லி மாவு பாத்திரத்தை விட்டு வழிந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஃப்ரிட்ஜில் வைத்த மாவு ஒரே ராத்திரியில் அப்படிப் புளித்துப் பொங்கியிருந்தது. ஆனால் மேலே பிரீசரில் வஞ்சிரத் துண்டுகள் கல்லாகக் கிடந்தன.

ராயபுரத்தில் கடல் காற்று நேராக அடிக்கும் மாடி வீடு எங்களுடையது. 2017-ல் வாங்கிய இரட்டைக் கதவு ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ், ஆறு வருடம் ஒரு தொந்தரவும் தரவில்லை. 2023 ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறதே என்று காசிமேட்டு மீனை வாங்கி அம்மா நிரப்பிவைத்த வாரத்தில் மக்கர் செய்தது. வந்த மெக்கானிக் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கேஸ் லீக் சார், 3,500 ஆகும்" என்றார். கேஸ் போயிருந்தால் வஞ்சிரம் எப்படிக் கல்லாக இருக்கும்? மனசு ஒப்பவில்லை, அனுப்பிவிட்டேன்.

மீனைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்து, பிளக்கைப் பிடுங்கி, பிரீசரின் பின்தட்டைக் கழற்றினேன். குளிரை உண்டாக்கும் வளைந்த குழாயான காயில், மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளைப் பனி. கேஸ் குறைந்தால் காயிலின் ஒரு பகுதியில் மட்டும்தான் பனி பிடிக்கும். முழுதும் பிடித்திருந்தால் குளிர்ச்சி சரி, பனியை உருக்கும் வேலைதான் நடக்கவில்லை. அந்தப் பனி காற்று வழியை அடைத்ததால் கீழ்த்தட்டுக்குக் குளிர் இறங்கவில்லை. அம்மா கத்தியோடு வந்தார், தடுத்துவிட்டேன். காயிலில் ஓட்டை விழுந்தால் அப்புறம் நிஜமாகவே கேஸ் போய்விடும். என்னுடையதில் ஆர்-600ஏ, தீப்பிடிக்கும் வாயு வேறு.

ஒருநாள் கதவைத் திறந்தே வைத்தேன். பனி உருகி, ஃப்ரிட்ஜ் புதிது மாதிரி ஓடியது. சரியாகிவிட்டது என்று நான் பீற்றிக்கொண்டது பத்து நாள்தான், மறுபடி மாவு பொங்கியது. பனியை உருக்கினால் சில நாள் நன்றாக ஓடி, பிறகு பழையபடி ஆனால் பனியைத் தானாக உருக்கும் டீஃப்ராஸ்ட் சர்க்யூட்டைத்தான் பார்க்க வேண்டும்.

அதில் டைமர், ஹீட்டர், பைமெட்டல், தெர்மல் ஃபியூஸ் என்று நான்கு. டைமர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கம்ப்ரசரை நிறுத்தி ஹீட்டருக்குக் கரண்ட் கொடுக்கும். மல்டிமீட்டரில் ஹீட்டர் 350 ஓம் காட்டியது. 230 வோல்ட்டில் 150 வாட் ஹீட்டர் என்றால் அதுதான் கணக்கு. பனி உருகிச் சூடு ஏறியதும் ஹீட்டரை அணைக்கும் சுவிட்சான பைமெட்டல்தான் என்னைக் குழப்பியது. சூடாக இருக்கும்போது அது திறந்தே இருக்கும், நன்றாகக் குளிர்ந்தால்தான் இணையும். இது தெரியாமல் நல்ல பைமெட்டலைத் தூக்கிப்போடுகிறவர்கள் உண்டு. என் பிரீசர் ஓடாததால் அதையும் அக்கா வீட்டு பிரீசரில் வைத்தேன். "மீனோட இது என்னப்பா ஒயரு?" என்று கேட்டார். ஒரு மணி நேரம் கழித்து எடுத்ததும், இணைப்பு இருக்கிறது என்று மீட்டர் கூவியது. சூடு எல்லை மீறினால் கரண்டை வெட்டும் தெர்மல் ஃபியூஸ் மட்டும் எப்படி வைத்தாலும் கூவவில்லை, போனது அதுதான்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், பழையதில் அச்சடித்திருந்த அதே டிகிரியில் புது ஃபியூஸ் வாங்கினேன். 300 ரூபாய்க்குள் முடிந்தது. கடைப் பையன், "ஃபியூஸை விட்டுட்டு டைரக்டா கொடுத்துடுங்கண்ணா" என்றான். பைமெட்டலும் வெட்டாமல் ஹீட்டர் எரிந்துகொண்டே இருந்தால் கரண்டை வெட்டுவது அது ஒன்றுதான். அதைத் தாண்டி ஒயர் கொடுத்தால் பிளாஸ்டிக் உருகி, வீடே பற்றிக்கொள்ளலாம். மாட்டியதும் டைமரைத் திருகி ஹீட்டர் வருகிறதா என்று பார்க்காதீர்கள். காயில் குளிரும்வரை பைமெட்டல் கரண்டை விடாது, ஒருநாள் பொறுக்க வேண்டும்.

இரண்டு வருடம் தாண்டியும் அதே ஃபியூஸ்தான் ஓடுகிறது. நடுவில் ஒருமுறை காய்கறிப் பெட்டியில் தண்ணீர் தேங்கியது. உருகிய நீர் கம்ப்ரசர் மேலுள்ள தட்டுக்கு இறங்கும் ஓட்டை அடைத்திருந்தது, வெந்நீர் ஊற்றியதும் திறந்துகொண்டது. கதவு ரப்பரும் ஒரு பக்கம் தளர்ந்திருக்கிறது, காகிதத்தை வைத்து மூடினால் இழுக்காமலே வந்துவிடுகிறது. எங்கள் பக்கத்து ஈரக்காற்று உள்ளே போகப்போகப் பனியும் கூடும். அடுத்த வேலை அதுதான்.