பொலிரோ பிக்கப்பில் மீன் பெட்டி கேம்பர்: ராமநாதபுரம் வாடைக்காலத்துக்குத் தாங்குமா?

படுத்துத் தூங்க வசதி செய்த கேம்பர் வண்டி என்று தேடினால் கிடைப்பதெல்லாம் பனி கொட்டும் ஊர்களின் வண்டிகள். டீசல் ஹீட்டர், இரட்டைக் கண்ணாடி, காற்றே புகாத கதவு. அதைப் பார்த்து அப்படியே இங்கே கட்டினால் ஒரு மழைக்காலத்துக்குள் மெத்தையின் அடியில் பூஞ்சை பிடித்துவிடும். பாம்பனில் மார்கழி விடியலில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. இந்தக் கரையில் ஐப்பசி முதல் தை வரை வண்டியைப் பாடாய்ப்படுத்துவது ஈரமும் உப்பும் வாடைக்காற்றும்தான்.

இங்கே பார்க்கப்போவது மீன் ஏற்றும் வண்டிகளுக்குக் கட்டும் பஃப் (பாலியூரிதேன் நுரை) பெட்டியைக் கேம்பராக மாற்றி, 1.7 டன் பாரம் ஏற்றும் பொலிரோ பிக்கப்பின் மேல் வைக்கும் அமைப்பு. நீளம் 2.7 மீட்டர், அகலம் 1.7, உயரம் 1.8. சுவர் 50 மி.மீ. பஃப், இரு பக்கமும் 2 மி.மீ. ஃபைபர். பெட்டியாகப் பார்த்தால் இந்தக் கரைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பதே எங்கள் முடிவு. ஆனால் பட்டறையிலிருந்து வரும் நிலையில் அதற்குள் ஆள் படுக்கவே கூடாது.

காரணம் எளிய கணக்கு. உள்ளே இருக்கும் காற்று சுமார் 7 கன மீட்டர். தூங்கும் இரண்டு பேர் மணிக்கு 25 லிட்டர் அளவுக்குக் கரியமில வாயு விடுவார்கள். மீன் பெட்டிக் கதவின் ரப்பர் ஒழுங்காக இருந்தால் எட்டு மணி நேரத்தில் அது 3 சதவீதத்தை நெருங்கும். வேலையிடங்களில் எட்டு மணி நேரத்துக்கு ஏற்கத்தக்க உச்சவரம்பே அரை சதவீதம்தான். தலைவலியோடு எழுந்தால் அது நல்ல நாள். அதோடு மூச்சிலும் வியர்வையிலும் வெளியேறும் தண்ணீர் ஓரிரவில் அரை லிட்டரைத் தாண்டும். போக வழியில்லாத அந்த ஈரம் அலுமினிய மூலைப்பட்டையிலும் போல்ட் தலைகளிலும் முத்து முத்தாகக் கோத்துச் சொட்டும்.

ஆகவே முதல் வேலை பெட்டியை அறுப்பது. கூரையில் 400 மி.மீ. சதுரத்தில் ஒரு திறப்பு. பின்பக்கம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் 150 மி.மீ. சதுரத்தில் காற்று உள்ளே வர ஒரு திறப்பு. மேல் திறப்பில் 12 வோல்ட், 120 மி.மீ. விசிறி ஒன்று வெளியே இழுக்கும்படி இருந்தால் போதும். மணிக்கு 100 கன மீட்டர் இழுக்கும் விசிறி 3 வாட்கூட எடுக்காது. உப்புக் காற்றில் சாதா விசிறியின் பேரிங் சீக்கிரம் கத்த ஆரம்பிக்கும். கூடுதலாக ஒன்று கையில் இருக்கட்டும். கொசுவலைக்கு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வலை வேண்டாம், ஒரே பருவத்தில் துருவாகக் கொட்டும். ஃபைபர் வலை போடுங்கள்.

பஃப் பலகையை அறுத்தால் நுரை வெளியே தெரியும். அந்த ஓரத்தை மூடாமல் திறப்பின் ஃபிரேமை வைத்துத் திருகினால் தண்ணீர் நுரைக்குள் இறங்கும், பிறகு வெளியே வராது. இரண்டு அடுக்கு ஃபைபர் மேட்டும் ரெசினும் வைத்து ஓரத்தை மூடி, ஃபிரேமுக்கு அடியில் பியூட்டைல் டேப் ஒட்டி, அதன் பிறகு திருக வேண்டும். வெளி ஓரத்துக்குப் பாலியூரிதேன் சீலன்ட். வினிகர் வாடை வரும் சிலிக்கான் உலோகத்தை அரிக்கும், தொடாதீர்கள்.

இந்த வேலைக்கு நம் கரையில் ஆள் தேட வேண்டியதே இல்லை. ஃபைபர் வல்லம் கட்டுகிறவர்களும் பழுது பார்க்கிறவர்களும் ஃபைபரின் மேல்பூச்சான ஜெல் கோட்டில் கை தேர்ந்தவர்கள். கார் பட்டறையைவிட அவர்களிடம் கொடுப்பதுதான் நல்லது. நீங்களே செய்வதானால் ஒரு கிலோ ரெசினுக்கு, அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் 10 முதல் 20 மில்லி. இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கி முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். பனி ஈரம் காய்ந்த பிறகு, காலை பத்து மணிக்கு மேல் தொடங்கி மாலை மூன்றுக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். ஈரத்தின் மேல் போட்ட ஃபைபர் வெளுத்துப் பிசுபிசுக்கும்.

பழைய மீன் பெட்டி மலிவாக வந்தால் அவசரப்பட வேண்டாம். கீழ் ஓரம் நெடுக விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். காய்ந்த பலகை கணீரென்று ஒலிக்கும். நனைந்தது மொத்தென்று அடங்கும். சந்தேகமான மூலையில், உரிமையாளரின் சம்மதத்தோடு, 6 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். கறுத்த தண்ணீர் கசிந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஃபைபர் தோலில் விழுந்த கீறல் வழியாக ஐஸ் தண்ணீர் நுரைக்குள் ஊறிய பெட்டி அது. எந்தப் பிளீச்சிங் பவுடருக்கும் அந்த வாடை போகாது, எடையும் குறையாது.

கதவுதான் அடுத்த ஆபத்து. மீன் பெட்டிக் கதவின் கேம் லாக் வெளியிலிருந்து மட்டுமே திறக்கும். உள்ளிருந்து ஒரு கையால் திறக்கிற பூட்டு கட்டாயம். கூடவே, இன்னொரு பக்கத்தில் ஆள் வெளியேறும் அளவுக்கு, 600க்கு 450 மி.மீ. சன்னல் ஒன்று. இந்த இரண்டையும் செய்து தராத பட்டறையில் முன்பணம் கொடுக்காதீர்கள்.

எடை கவலை தராது. பலகை மொத்தம் 25 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு எட்டு கிலோவுக்குச் சற்று மேல் என்று 205 கிலோ. மூலைப்பட்டை, கதவு, சன்னல் சேர்த்தால் 280. கட்டில், பேட்டரி, தண்ணீர், சாமான் எல்லாம் ஏறினாலும் 600 கிலோவுக்குள் அடங்கும். சிக்கல் மறுபக்கம்: 1.7 டன்னுக்குச் செய்த லீஃப் ஸ்பிரிங் இந்த எடைக்கு விறைத்துக்கொண்டு துள்ளும். ஸ்பிரிங் பட்டையில் ஒன்றைக் கழற்றச் சொல்வார்கள், கழற்ற வேண்டாம். டயரில் முழுப் பாரத்துக்கான காற்றழுத்தத்தை விட்டுவிட்டு, குறைந்த பாரத்துக்குத் தயாரிப்பாளர் சொல்லும் அழுத்தத்தை வைத்தாலே பாதித் துள்ளல் போய்விடும்.

பெட்டியைச் சேஸிஸில் ஆறு போல்ட் போட்டு இறுக்குவதும் தவறு. மேடு பள்ளத்தில் சேஸிஸ் முறுகும், பெட்டி முறுகாது. மூலையில்தான் விரிசல் விழும். முன்பக்கம் இரண்டு இடத்தில் இறுக்கி, பின்பக்கம் ரப்பர் புஷ் வைத்த பிடிப்பு கொடுக்க வேண்டும். முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி எல்லா நட்டையும் மறுபடி பாருங்கள்.

தரையிலிருந்து உச்சி மூன்று மீட்டரை நெருங்குவதால் காற்றை மதித்தே ஓட்ட வேண்டும். பெட்டியின் பக்கவாட்டுப் பரப்பு ஏறக்குறைய 5 சதுர மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே அடிக்கும் காற்று அதைச் சுமார் 100 கிலோ விசையோடு தள்ளும். 80 ஆனால் 180 கிலோ. பாம்பன் சாலைப் பாலம் இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல், ஒதுங்க இடமே கிடையாது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால் மண்டபத்திலேயே நின்றுவிடுங்கள்.

உப்பு விஷயத்தில் கஞ்சத்தனம் ஆகாது. வெளியே தெரியும் ஒவ்வொரு போல்ட்டும் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) 316 ரகமாக இருக்க வேண்டும். 304 கடலோரத்தில் டீக்கறை மாதிரி பழுப்பேறும். 316ல் மாலிப்டினம் இருப்பதால் தாங்கும். போட் சாமான் கடைகளில் கேட்டால் கிடைக்கும். அலுமினியத்துக்குள் எஸ்.எஸ். போல்ட் போகும் இடத்தில் நைலான் வாஷரும் கிரீஸும் வைக்காவிட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். சேஸிஸின் உட்குழிவுகளுக்கு மெழுகு ஸ்பிரே நல்லது. அடியில் தடவும் தார்ப் பூச்சு வெடித்துவிட்டால் உப்பை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும், மேலே பார்த்தால் தெரியவே தெரியாது. கடற்கரையில் நிறுத்திய வண்டியை நல்ல தண்ணீரில்தான் கழுவ வேண்டும். கரையோரத்து போர் தண்ணீரில் கழுவினால் பழைய உப்பு போய்ப் புது உப்பு ஏறும்.

மின்சாரத்துக்கு 12.8 வோல்ட், 100 ஆம்பியர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று போதும். 1,280 வாட் மணி, எடை 13 கிலோவுக்குள். 40 லிட்டர் கம்ப்ரெஸர் ஃபிரிட்ஜ் நாளுக்கு 400 முதல் 450 வாட் மணி எடுக்கும். விசிறிகள், விளக்கு, போன் எல்லாம் சேர்த்து 650. தை மாத வெயிலில் 200 வாட் சோலார் இதை ஈடுகட்டும். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வைத்திருக்கும் மாவட்டம், வெயிலுக்கு இங்கே குறைவில்லை. ஆனால் கார்த்திகை அடைமழையில் மூன்று நாள் மூடாக்குப் போட்டால் பேனல் கைவிடும். அதனால் இன்ஜினிலிருந்து ஏற்றும் 30 ஆம்பியர் டிசி டிசி சார்ஜர் அவசியம்; இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஒரு நாள் தேவை ஏறிவிடும்.

ஒயரில்தான் பட்டறைகள் மிச்சம் பிடிக்கும். முன்னிருந்து பின்னுக்கு ஐந்து மீட்டர், போக வர பத்து மீட்டர். 6 சதுர மி.மீ. ஒயரில் 30 ஆம்பியர் போனால் 0.9 வோல்ட் வழியிலேயே தொலையும். 16 சதுர மி.மீ. போட்டால் 0.35தான். ஈயம் பூசிய செம்புக் கம்பியாகக் கேளுங்கள். சாதாக் கம்பி உறைக்குள்ளேயே பச்சை பிடித்துக் கறுக்கும். ஃபியூஸ் வண்டி பேட்டரிப் பக்கமும் பெட்டி பேட்டரிப் பக்கமும் வேண்டும், ஒன்று மட்டும் போதாது.

தண்ணீருக்கு நிலையான தொட்டி வேண்டாம். 20 லிட்டர் கேன் மூன்று வையுங்கள். சாயல்குடியிலிருந்து தொண்டி வரை எந்தக் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். தொட்டியைக் கழுவும் வேலையும் மிச்சம்.

பெட்டியின் உள் அகலம் 1.6 மீட்டர் என்பதால் குறுக்கே படுக்க முடியாது. 1.9க்கு 1.2 மீட்டர் கட்டிலை நீளவாக்கில் போட்டால் பக்கத்தில் 40 செ.மீ. நடைவழி கிடைக்கும். பிளைவுட் பலகையின் மேல் ஃபோம் மெத்தை போடுவதுதான் எல்லாப் பட்டறையும் செய்வது, ஈரம் தங்குவதும் அங்கேதான். இரும்புச் சட்டத்தைத் தவிர்த்து அலுமினியச் சட்டத்தில் நைலான் நாடா பின்னிய கட்டில் செய்யச் சொல்லுங்கள். அடியில் காற்று ஓடும், மேலே கோரைப் பாயும் மெல்லிய மெத்தையும் போதும்.

அடுப்பு பின்கதவோரம், கதவு திறந்த நிலையில் மட்டும். 5 கிலோ சிலிண்டர் வைக்கும் அறையின் தரையில் வெளியே போகும் துளை இருக்க வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். கரி அடுப்பை உள்ளே கொண்டு போகவே கூடாது.

நிறுத்தும்போது வண்டியின் முகம் வாடை வரும் வடகிழக்கைப் பார்க்கட்டும். பின்கதவு காற்றுக்கு மறைவாகிவிடும். வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கமான தேவிபட்டினம், தொண்டியைவிட மன்னார் வளைகுடாப் பக்கமான கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் அமைதியாக இருக்கும். உப்பள ஓரத் திடல்கள் மேலே ஓடு கட்டி உறுதியாகத் தெரியும், அடியில் சேறு. இரண்டு சக்கர இழுவை வண்டி அச்சு வரை இறங்கிவிடும். சாலையை விட்டு இறங்கும் இடமெல்லாம் சீமைக்கருவேல முள். பஞ்சர் குச்சியும் சின்ன கம்ப்ரெஸரும் இல்லாமல் கிளம்பவே வேண்டாம். தனுஷ்கோடியில் இரவு தங்க அனுமதி இல்லை.

ஆர்.சி. விஷயத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி கூடாது. மோட்டார் கேரவன் என்று பதிய ஏ.ஐ.எஸ். 124 என்ற தனி விதிமுறை உண்டு. பெட்டியை வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். வண்டி ஓடும்போது பெட்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது.

தொண்டியில் முடியும் 85ஆம் எண் நெடுஞ்சாலை மதுரை, தேனி, மூணாறு வழியாகக் கொச்சியிலிருந்து வருவது. அதே சாலையில் ஏறி மூணாறுக்குப் போனாலும் இந்தப் பெட்டி தாங்கும். 50 மி.மீ. பஃப் இருக்கும்போது ஹீட்டர் தேவையில்லை, இரண்டு கம்பளி போதும். குளிருக்குப் பயந்து மேல் திறப்பை மட்டும் மூடிவிடாதீர்கள். இரண்டு விரல் அகலமாவது திறந்தே இருக்க வேண்டும், விசிறியும் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.