பனிஷரின் தொடக்கக் கதைகள்: எதில் அவன் முழுமையாகத் தெரிகிறான்?

சட்டத்தை நம்பாமல் குற்றவாளிகளைத் தானே கொன்று தண்டிக்கும் பாத்திரமான, மார்வெல் காமிக்ஸ் நிறுவனத்தின் பனிஷர் முதன்முதலில் தனி நாயகனாக வரவில்லை. 1974 பிப்ரவரி தேதியிட்ட ஸ்பைடர்மேன் இதழ் 129இல் இன்னொருவரின் கூலியாளாகவே வந்தான். அந்த வண்ண இதழ், அடுத்த ஆண்டு வெளிவந்த கறுப்பு வெள்ளைப் பத்திரிகைக் கதை, 1982ஆம் ஆண்டின் டேர்டெவில் இதழ்கள் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் படித்தால், அவனுடைய இயல்பை நிர்ணயிப்பது அவன் கையிலுள்ள துப்பாக்கியைவிட அவனுக்கு எதிரே நிற்கும் ஆளே என்பது எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

முதல் கதையை ஜெர்ரி கான்வே எழுத, ராஸ் ஆண்ட்ரு வரைந்தார். ஸ்பைடர்மேனின் எதிரியான நார்மன் ஆஸ்பார்னைக் கொன்றது ஸ்பைடர்மேன்தான் என்று ஜேக்கால் என்னும் வில்லன் நம்பவைக்க, பனிஷர் வேட்டைக்குக் கிளம்புகிறான். முந்தைய இதழ்களைப் படித்தவர்களுக்கு அது பொய் என்று தெரியும். ஆகவே அவன் எத்தனை உறுதியோடு குறிவைத்தாலும், அந்த உறுதியே பிழையானது என்ற எண்ணத்துடன்தான் நாம் அவனைப் பார்க்கிறோம். அவனுடைய பெயரோ குடும்பமோ கடந்த காலமோ இக்கதையில் சொல்லப்படவில்லை. உடை மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது: கான்வேயின் வரைபடத்தில் மார்பில் சிறிதாக இருந்த மண்டையோட்டை, ஜான் ரொமிட்டா உடல் முழுக்கப் பெரிதாக்கி, அதன் பற்கள் இடுப்புப் பட்டையோடு சேருமாறு அமைத்தார். 20 சென்ட் விலையில் சிறுவர்கள் வாங்கிய ஓர் இதழில், நம்பிக்கை இருப்பதாலேயே ஒருவன் சரியானவன் ஆகிவிடமாட்டான் என்று காட்டிய துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

1975இல் வந்த மார்வெல் பிரிவ்யூ இரண்டாம் இதழையும் கான்வேயே எழுதினார் என்பதால் ஒப்பீடு இன்னும் கூர்மையாகிறது. 1 டாலர் விலையுள்ள அந்தப் பத்திரிகை, வண்ண காமிக்ஸ்களைக் கட்டுப்படுத்திய காமிக்ஸ் கோட் தணிக்கைக்கு உட்படவில்லை; எனவே வன்முறையை மறைக்காமல் காட்ட முடிந்தது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் குற்றக் கும்பல் செய்த கொலை ஒன்றைப் பார்த்துவிட்டதற்காக அவனுடைய மனைவியும் இரு குழந்தைகளும் சுட்டுக் கொல்லப்பட்ட வரலாறு இங்குதான் சொல்லப்படுகிறது. பிலிப்பைன்ஸ் ஓவியர் டோனி டி சூனிகாவின் அடர்ந்த மை நிழல்கள் அந்தத் துயரத்துக்கு மிகவும் பொருந்துகின்றன. ஆனாலும் கதையாக இது முதல் இதழைவிட ஒரு படி கீழேதான் நிற்கிறது. அவன் செய்வதை மறுத்துப் பேசும் வலுவான குரல் இல்லாததால், அவன் செய்வது சரிதானா என்ற கேள்வி எழும்புவதற்கே இடமில்லை. தணிக்கை இல்லாத இதழில் இரத்தம் கூடியது, கேள்வி குறைந்தது. 1976இல் ஆர்ச்சி குட்வின் எழுதிய மார்வெல் சூப்பர் ஆக்‌ஷன் முதல் இதழும் பெரும்பாலும் இதே வழியில் செல்கிறது.

டேர்டெவில் 183, 184 ஆகிய இதழ்கள் இவ்விரண்டின் பலங்களையும் ஒன்றுசேர்க்கின்றன. ரோஜர் மெக்கென்ஸியும் ஃப்ராங்க் மில்லரும் உருவாக்கிய, பள்ளிச் சிறுவர்களிடம் போதைப்பொருள் புழங்குவது பற்றிய இந்தக் கதை, முதலில் தணிக்கையால் நிறுத்திவைக்கப்பட்டுப் பின்னரே அச்சேறியது. பிறருடைய இதயத் துடிப்பைக் கேட்டே பொய்யைக் கண்டுபிடிக்கும் பார்வையற்ற வழக்கறிஞர் மேட் மர்டாக் (இவரே டேர்டெவில்), பேஸ்மேக்கர் பொருத்திய ஒருவனின் சீரான துடிப்பை நம்பி, குற்றவாளிக்காகவே வாதாடிவிடுகிறார். சட்டமும் ஏமாறும் என்று கதையே ஒப்புக்கொள்வதால், பனிஷரின் தரப்பு வேறெங்கும் இல்லாத வலுவைப் பெறுகிறது. அதே நேரத்தில், சகோதரியை இழந்த சிறுவன் கையில் துப்பாக்கி வரும்போது அந்தத் தரப்பின் விலை என்ன என்பதும் தெரிகிறது.

1983இன் ஸ்பெக்டாகுலர் ஸ்பைடர்மேன் 81 முதல் 83 வரையிலான இதழ்களில், அவன் குப்பை போட்டவர்களையும் சுடத் தொடங்குகிறான். 1986இல் ஸ்டீவன் கிராண்ட் எழுத, மைக் ஜெக் வரைந்த குறுந்தொடர், சிறையில் அவனுக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளே அதற்குக் காரணம் என்று விளக்கியது. அவனை நாயகனாக்கித் தனித்தொடர் நடத்த அந்த விளக்கம் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அவனுடைய நியாயம் கடைசியில் எங்கே போய் முடியும் என்று காட்டிய ஒரே கதையை அது அழித்துவிட்டது என்ற வருத்தம் எனக்கு உண்டு.

புதிதாக வாசிக்கத் தொடங்குபவர் ஸ்பைடர்மேன் 129இலிருந்து நேராக டேர்டெவிலுக்குச் செல்லலாம். சென்ட்ரல் பார்க் பக்கங்களை அதன் பிறகு படிப்பதே நல்லது; அவனுடைய தவறுகளை முதலிலேயே பார்த்துவிட்டதால், அப்போது அவன்மேல் எழும் இரக்கம் அவன் செய்ததை மறைத்துவிடாது.