“தம்பிக்கு எது பிடிக்காது?”

மகனுக்கு 17 வயது. பேச்சு வராது. லண்டனில் வாரம் ஒருமுறை சென்சரி ரூமுக்கு, அதாவது ஒளி, ஒலி, தொடுகை வழியாகப் புலன்களுக்கு இதம் தரும் அறைக்குப் போய்ப் பழகியவன். ஆறு வாரம் சென்னையில் இருக்கப் போகிறோம், அது விட்டுப்போகக் கூடாதே என்று கிளம்பும் முன்பே பல இடங்களுக்குப் போன் செய்தேன்.

பெயரிலேயே குழப்பம். இங்கிலாந்தில் ‘லேர்னிங் டிஸெபிலிட்டி’ என்றால் அறிவுசார் குறைபாடு. இங்கே அதையே சொன்னால் டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் சிரமம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்திலும் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர்தான். மூன்று இடங்களில், “எத்தனாவது படிக்கிறார், எழுத்துப்பிழை நிறைய வருதா?” என்று கேட்டார்கள். இங்கிலாந்திலிருந்து வருகிறவர்கள் எடுத்தவுடனே ‘இன்டெலக்சுவல் டிஸெபிலிட்டி’ என்று சொல்லிவிடுங்கள்.

முதலில் போன இடத்தில் பொருளுக்குக் குறைவில்லை. ஆளுயரக் குமிழிக் குழாய், நிறம் மாறும் ஒளியிழைகள், சுவரெல்லாம் ஓடும் படம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டு, பாட்டும் வைத்து, “இங்க பாரு, அங்க பாரு” என்று விடாமல் பேசினார்கள். அவன் காதைப் பொத்திக்கொண்டு கதவோடு ஒட்டி நின்றான். எனக்கு வயிறு எரிந்தது.

1970களில் நெதர்லாந்தில் ஹுல்செக்கே, வெர்ஹூல் என்ற இருவர் தொடங்கிய முறை இது. இதன் பெயர் ஸ்னூசெலன். முகர்ந்து பார்ப்பது, கண்ணயர்வது என்ற இரண்டு டச்சுச் சொற்களைச் சேர்த்தது. வருகிறவர் தனக்குப் பிடித்ததைத் தானே தேடிக்கொள்ள வேண்டும், கூட இருப்பவர் அவர் போக்கிலேயே போக வேண்டும். அதுதான் இதற்கு உயிர். அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் சீரியல் லைட்.

அடுத்துப் போனது ஒரு மாடி அறை. ஒரே ஒரு குமிழிக் குழாய், ஒரு பாய். அங்கிருந்த பெண் முதலில் கேட்டதே, “அக்கா, தம்பிக்கு எது பிடிக்காது?” என்றுதான். திடீர்ச் சத்தம் என்றேன். விளக்கை அணைத்தாள், ஃபேனைக் குறைத்தாள், பெரிய சுவிட்ச் ஒன்றை அவன் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அவளும் பேசவில்லை. அப்புறம் அவன் அழுத்தினான். குமிழிகள் மேலே ஏறின. குழாயில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். அந்த மெல்லிய அதிர்வுக்காக லண்டனிலும் அப்படித்தான் செய்வான்.

கொஞ்ச நேரம் கழித்து சுவிட்சை அவள் பக்கம் தள்ளினான்.

“என் முறையா, தம்பி?” என்று கேட்டுவிட்டு, மெதுவாக அழுத்தினாள்.

மிச்சமிருந்த செவ்வாய்க்கிழமைகளுக்கெல்லாம் அங்கேயே நேரம் வாங்கிக்கொண்டோம்.