கூத்து ஜமாவுக்கு நிதி: எந்தக் கதவை முதலில் தட்டுவது?

செய்யாறு பக்கம் ஒரு தெருக்கூத்து ஜமா (கூத்துக் குழு) என்று வைத்துக்கொள்வோம். பாரதக் கூத்து சீசன் ஆடியோடு ஓய்ந்துவிடும். மிச்ச மாதங்களில் இளசுகளுக்கு அடவும் பாட்டும் சொல்லித்தர வேண்டும், உளுத்துப்போன கட்டைகளை, அதாவது வேஷத்துக்கான மர அணிகளை, புதிதாகச் செய்ய வேண்டும். பணத்துக்கு எங்கே போவது?

பலரும் முதலில் நினைப்பது மத்திய கலாச்சார அமைச்சகத்தை. அதன் குரு–சிஷ்ய பரம்பரைத் திட்டம் வாத்தியாருக்கும் மாணவர்களுக்கும் மாதத் தொகை தருகிறது. பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் அமைப்பு பதிவாகியிருக்க வேண்டும், பணம் வரும்வரை கைக்காசில் ஓட்டத் தெம்பு வேண்டும். கிரீடமும் புஜக்கட்டையும் செய்ய இந்தப் பணம் உதவாது.

பெங்களூரில் இருக்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் வேறு மாதிரி. 1993இல் தொடங்கி, 1995 முதல் நல்கை (திட்டங்களுக்கான நிதி உதவி) தருகிறார்கள். டிரஸ்ட் இல்லாத தனிநபரும் விண்ணப்பிக்கலாம், தமிழிலேயே எழுதலாம். என்னைக் கேட்டால் சின்ன ஜமா முதலில் போக வேண்டிய இடம் இதுதான். ஆனால் ‘கலை அழிகிறது, காப்பாற்றுங்கள்’ என்ற விண்ணப்பம் இங்கே எடுபடாது. எந்தப் பாட்டு யாரிடம் மட்டும் மிச்சமிருக்கிறது, அதை எப்படிப் பதிவுசெய்யப் போகிறீர்கள் என்ற துல்லியம் வேண்டும்.

கம்பெனிகளின் சி.எஸ்.ஆர் (சமூகப் பொறுப்பு) பணம்தான் பெரிய பணம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பணிகளுக்குச் செலவழிக்க வேண்டும். எவற்றுக்குச் செலவழிக்கலாம் என்று சட்டம் தரும் பட்டியலில் பாரம்பரியக் கலைகளும் உண்டு. தொழில் நடக்கும் வட்டாரத்துக்கே முன்னுரிமை என்றும் சட்டம் சொல்கிறது. அதனால் சென்னைத் தலைமை அலுவலகங்களுக்கு அலைவதைவிட, செய்யாறு சிப்காட்டில் ஆலை வைத்திருப்பவர்களிடம் போவது புத்திசாலித்தனம். சிக்கல் காகிதத்தில் இருக்கிறது: வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள், சி.எஸ்.ஆர் பணம் வாங்கப் பதிவுசெய்து பெறும் சி.எஸ்.ஆர்-1 எண், மூன்றாண்டு செயல்பாடு. புது டிரஸ்டுக்கு இது எட்டாது. எட்டினாலும் கம்பெனிக்காரர்கள் தலைக்கணக்குக் கேட்பார்கள். விடிய விடிய நடக்கும் கூத்தைப் பயனாளி எண்ணிக்கையாக மாற்றிக் காட்டுவது எனக்கு ஒப்பாத வேலை, ஆனாலும் செய்துதான் ஆக வேண்டும்.

வெளிநாட்டு நன்கொடைக்கு எஃப்.சி.ஆர்.ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ கட்டாயம். புலம்பெயர்ந்த சொந்தக்காரர் ஒருவர் அனுப்புகிறாரே என்று டிரஸ்ட் கணக்கில் வாங்கிவிடாதீர்கள், அவர் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவரானால் வம்பு. இணையத்தில் திரட்டுவது கட்டை செய்வது போன்ற ஒருமுறைச் செலவுக்குச் சரி, மாதாமாதம் கேட்டால் கொடுப்பவர்கள் சலித்துவிடுவார்கள்.

எங்கே கேட்டாலும் பட்ஜெட்டை ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். கட்டை செதுக்கும் ஆசாரியிடம் ஜி.எஸ்.டி பில் இருக்காது. பெயர், முகவரி, தொகை எழுதி அவர் கையெழுத்திட்ட வவுச்சரை ஏற்பார்களா என்று நிதி தருபவரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.