உப்பிய லேப்டாப் பேட்டரி: ஒரிஜினலா, கம்பாட்டிபிளா, செல் மாற்றலா?

மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடியது. மேசைக்காலில்தான் குறை என்று நினைத்து, கல்யாணப் பத்திரிகை ஒன்றை மடித்து முட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து டச்பேட் அழுத்தினால் அமுங்கவில்லை. திருப்பிப் பார்த்தால் அடிமூடி பொரித்த அப்பளம் மாதிரி நடுவில் எழும்பி நிற்கிறது.

ஐந்தரை வருடம் உழைத்த இயந்திரம். பாளையங்கோட்டையில் மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், சார்ஜரைக் கழற்றாமலே பாதிக் காலம் ஓடியது. எப்போதும் 100 சதவீதத்தில் நிற்பதும் சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரிக்கு ஆகாது. உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற திரவம் சிதைந்து வாயுவாகிறது. வெளியே போக வழியில்லாததால் பேட்டரியைச் சுற்றிய பை உப்புகிறது. சித்திரை மாதம் எங்கள் ஊர் அறைகளில் இது நடப்பதில் ஆச்சரியமே இல்லை.

"ஊசியால ஒரு குத்து குத்தி காத்த எடுத்துவிடுங்க" என்று தெரிந்தவர் ஒருவர் யோசனை சொன்னார். அவர் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கூட இல்லை. குத்தினால் உள்ளே இருக்கும் அடுக்குகள் ஒன்றோடொன்று தொட்டு ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை அணைத்து, மெத்தைக்கும் திரைச்சீலைக்கும் தள்ளி வைப்பதுதான் முதல் வேலை. வீட்டுக்கு எதிரே கட்டட வேலை நடந்துகொண்டிருந்ததால் ஒரு வாளி எம்.சாண்டும் கிடைத்தது. பேட்டரியைக் கழற்றிய பிறகு அதில்தான் குடியிருந்தது.

அப்புறம் மாற்று தேடும் படலம். அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் கூலியோடு சேர்த்து 6,200 ரூபாய், பத்து நாள் காத்திருக்க வேண்டும். நெல்லை ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் கம்பாட்டிபிள், அதாவது வேறு கம்பெனி செய்து என் மாடலுக்குப் பொருந்துவது, 2,400, ஆறு மாத வாரண்டி. ஆன்லைனில் 1,750, அதுவும் 'ஒரிஜினல்' என்ற பட்டத்தோடு. பேட்டரிக்குள் இருக்கும் செல்லை மட்டும் மாற்றித் தருகிறேன் என்றவர் கேட்டது 1,200. கடைசி வழி, பேட்டரியே இல்லாமல் ஓட்டுவது, செலவு இல்லை.

செலவில்லாத வழியை முதலில் பார்த்துவிடுவோம். பல லேப்டாப்கள் சார்ஜரை மட்டும் வைத்து ஓடும். ஆனால் சில மாடல்கள் பேட்டரி இல்லையென்றால் பிராசசரின் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். திடீரென்று கூடுதல் கரண்ட் தேவைப்படும்போது கைகொடுக்க ஆள் இல்லையே. அது போகட்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் மதியம் 2 மணிக்குத்தான் வரும் ஊர் இது. இன்வெர்ட்டர் இருந்தாலும் அது மாறும் அந்த ஒரு நொடியில் லேப்டாப் அணைந்துவிடலாம். ஒரு வாரம் சமாளிக்கலாம், அதற்கு மேல் தாங்காது.

செல் மாற்றுவது பழைய கதை. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த அரசு இலவச லேப்டாப்களில், பின்னால் கழற்றி மாட்டும் பேட்டரிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குள் இருந்தவை 18650 என்ற உருளை செல்கள்: 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், இரும்பு உறை. அவை சாகுமே தவிர இப்படி உப்புவதில்லை. இப்போதைய மெல்லிய லேப்டாப்களில் இருப்பது அலுமினியப் படலம் சுற்றிய பை செல். அதைப் பிரித்து, வேறு செல்லை வெல்டு வைத்து, காப்பு சர்க்யூட்டோடு சேர்ப்பது நுணுக்கமான வேலை. சில சர்க்யூட்டுகள் செல் பிரிந்த நொடியிலேயே தங்களை நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். மடியில் வைத்து வேலை செய்யும் பொருளுக்கு இந்த விளையாட்டு எனக்குச் சம்மதமில்லை.

ஆக, நிஜமான போட்டி ஒரிஜினலுக்கும் கம்பாட்டிபிளுக்கும்தான்.

ஒரிஜினல் என்றால் லேப்டாப் கம்பெனியே செய்தது என்று நினைக்கிறோம். செல்லைச் செய்வது எல்ஜி, சாம்சங் எஸ்டிஐ, ஏடிஎல், பானசோனிக் போன்றவர்கள். அதைப் பேக்காகக் கட்டுவது இன்னொருவர். லேப்டாப் கம்பெனி தன் விதிப்படி சோதித்துப் பெயர் ஒட்டுகிறது. அதற்காக ஒரிஜினல் தவறவே தவறாது என்றும் இல்லை. 2006 ஆகஸ்டில் சோனி செல் வைத்த சுமார் 41 லட்சம் பேட்டரிகளை டெல் திரும்பப் பெற்றது. அத்தனையும் ஒரிஜினல்தான். ஆனால் திரும்பக் கூப்பிட ஒரு முகவரி இருந்தது பாருங்கள், கூடுதலாகக் கொடுக்கும் நாலாயிரம் அதற்குத்தான். இதில் ஒரு சிக்கல் உண்டு: பழைய மாடலுக்கு வரும் ஒரிஜினல் எத்தனை வருடம் கிடங்கில் கிடந்ததோ. பேட்டரி சும்மா இருந்தாலும் கிழடாகும். தயாரிப்புத் தேதியைக் கேட்காமல் பணம் கட்டக் கூடாது.

ஆன்லைன் பேட்டரியைப் பக்கத்து வீட்டுத் தம்பி ஏற்கனவே வாங்கி வைத்திருந்தான், அவனுடையதும் என் மாடல்தான். அதையும் கையோடு ஜங்ஷன் கடைக்குக் கொண்டு போனேன்.

"அண்ணாச்சி, இதுல போட்டிருக்க கெபாசிட்டி நெசந்தானா?"

"லேபிள விடுங்க சார். தராசுல வச்சுப் பாத்துருவோம், வாங்க."

பக்கத்து மளிகைக் கடையின் மின்தராசில் மூன்று பேட்டரிகளையும் வரிசையாக வைத்தார். என் உப்பிய பேட்டரி 196 கிராம். ஆன்லைனில் வந்தது 131. அண்ணாச்சி கடையுடையது 187. உப்பியதால் பழையதன் எடை கூடியிருக்குமோ என்று கேட்டேன். கூடாது, அந்த வாயு வெளியிலிருந்து வந்ததல்ல, உள்ளே இருந்த பொருளே உருமாறியது. லித்தியம் செல்லில் கெபாசிட்டி கூட வேண்டுமென்றால் சரக்கும் கூட வேண்டும். மூன்றில் ஒரு பங்கு எடை குறைந்துவிட்டு அதே அளவு கரண்ட் தருகிறேன் என்றால் நம்புவதற்கில்லை.

அந்த 131 கிராம் லேபிளைப் படித்தால் இன்னும் சிரிப்பு. என் பழைய பேட்டரியில் 11.4 வோல்ட், 3500 எம்ஏஎச் என்று இருந்தது. பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 39.9 வாட் ஹவர், பேட்டரி தேக்கும் மொத்த ஆற்றல். தம்பியுடையதில் 11.1 வோல்ட், 5200 எம்ஏஎச், அதாவது 57.7 வாட் ஹவர். அதே உடம்பு, குறைந்த எடை, ஒன்றரை மடங்கு பலமாம்!

வோல்டேஜ் வித்தியாசத்தைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். 10.8, 11.1 இரண்டும் ஒரே வகை செல்லுக்கு இரண்டு கம்பெனி போடும் பெயர். ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளலாம். 11.4 வேறு. 11.1 வகையில் வரிசையாக உள்ள மூன்று செல்லில் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டில் நிரம்பும், 11.4 வகையில் 4.35 வரை போகும். 4.2-க்கான செல்லை அதற்கு மேல் ஏற்றினால் மறுபடியும் அப்பளம்தான். அதனால் பழையதில் உள்ள எண்ணே புதியதிலும் இருக்க வேண்டும். 11.1 இருந்த இடத்தில் 14.8 மாட்டுவது பற்றிப் பேச்சே கிடையாது.

கடையில் லேப்டாப் மாடலை மட்டும் சொன்னால் தவறான பேட்டரி வரலாம். ஒரே மாடலில் மூன்று செல், நான்கு செல் என்று இரண்டு நீளத்தில் பேட்டரி வருவதுண்டு. பேட்டரியின் முதுகில் இருக்கும் பார்ட் எண்தான் கணக்கு. அதோடு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் தரும் பதிவு எண்: ஆர் என்ற எழுத்தும் பின்னால் எட்டு இலக்கமும், மேலே ஐஎஸ் 16046. இந்தியாவில் லித்தியம் பேட்டரிக்கு இது கட்டாயம். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அண்ணாச்சியுடையதில் எண் இருந்தது, பெயரும் பொருந்தியது. தம்பியுடையதில் எண்ணே இல்லை.

2,400 கொடுத்து அண்ணாச்சியிடமே வாங்கினேன். பில்லில் பார்ட் எண்ணும் தேதியும் எழுதி, கடை முத்திரையோடு. ஆன்லைனை விட 650 ரூபாய் கூடுதல்தான். ஆனால் ஆன்லைனில் வாங்கிய பேட்டரி மறுபடி உப்பினால், திருப்பி அனுப்ப அதை எந்த விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள். இதற்கு நான் ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம் வரை வண்டியில் போனால் போதும். நல்லதோ கெட்டதோ, கேட்க ஒரு முகம் இருக்கிறது.

என் லேப்டாப் புதிதாக இருந்திருந்தால் முடிவு வேறு. மகளுடையது வாங்கி இரண்டு வருடம்தான். அதில் இப்படி ஆனால் நேரே சர்வீஸ் சென்டர், 6,200 என்றாலும் சரி. பழைய திங்க்பேட் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கும் அதே பதில்: அவற்றில் சில மாடல்கள் அந்நிய பேட்டரியை அடையாளம் கண்டு சார்ஜ் ஏற்றவே மறுக்கும்.

மாட்டி நான்கு மாதம் ஆகிறது. விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட் முழுக் கெபாசிட்டி 37.6 வாட் ஹவர் என்கிறது. அந்த எண்ணைப் பேட்டரியின் சிப்தான் சொல்கிறது, அதுவும் பொய் சொல்லக்கூடியது. அதனால் கடிகாரத்தை வைத்தே பார்த்தேன்: வழக்கமான எழுத்து வேலைக்கு மூன்றரை மணி நேரம் தாங்குகிறது. பயாஸில், அதாவது லேப்டாப்பின் அடிப்படை அமைப்புப் பக்கத்தில், சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தி வைத்திருக்கிறேன். அறையையும் கீழ்த்தளத்துக்கு மாற்றியாயிற்று.

பழையதைக் குப்பை வண்டியில் போட மனம் வரவில்லை, போடவும் கூடாது. வண்டியில் நசுங்கினால் தீ. முனைகளில் டேப் சுற்றி, மணல் வாளியோடு ஸ்கூட்டரில் வைத்து, நான் வாங்காமல் விட்ட அதே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனேன். பேட்டரியை வாங்கிக்கொண்டார்கள். மணலை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.