காந்தத் துகள் கிட்: எங்கள் ஊர் போர் தண்ணீரில் எப்படி?

கிருஷ்ணகிரியில் ஒரு சின்ன தண்ணீர் பரிசோதனை லேப் எங்களுடையது. உலோகம் பார்க்க இருப்பது பழைய ஃப்ளேம் ஏஏஎஸ் ஒன்றுதான், தண்ணீரைத் தீச்சுடரில் தெளித்து உலோகத்தை அளக்கும் கருவி. குடிநீரில் லிட்டருக்கு ஈயம் 0.01, காட்மியம் 0.003 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தரநிலையான ஐஎஸ் 10500. அவ்வளவு குறைந்த ஈயத்தை நம்பிக்கையாகச் சொல்ல ஃப்ளேமால் முடியாது. அவ்வளவு நுண்ணிய அளவையும் பார்க்கும் ஐசிபி-எம்எஸ் கருவி வாங்க எங்களிடம் பணம் ஏது? அதனால்தான் தண்ணீரில் இருக்கும் உலோகத்தைக் கொஞ்சம் திரவத்தில் திரட்டித் தரும் இந்த கிட்.

சிலிக்கா பூசிய மேக்னடைட் (காந்தத்தில் ஒட்டும் இரும்பு ஆக்சைடு) துகள்கள், அதன்மேல் உலோக அயனியைப் பிடிக்கும் இமினோடைஅசிடேட். பிஹெச் ஐந்தரைக்குக் கொண்டுவந்த தண்ணீரில் போட்டுக் குலுக்கி, பாட்டில் பக்கவாட்டில் காந்தத்தை வைத்தால் கறுப்புத் தூள் மொத்தமும் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரைக் கொட்டிவிட்டு, நீர்த்த நைட்ரிக் அமிலம் கொஞ்சம் ஊற்றினால் உலோகம் அதில் இறங்கிவிடும். 100 மில்லி தண்ணீருக்கு 2 மில்லி அமிலம், அதாவது 50 மடங்கு செறிவு என்கிறது கையேடு. ஆனால் ஃப்ளேம் நிமிடத்துக்கு ஐந்து மில்லி வரை குடிக்கும். ஒவ்வொரு உலோகத்துக்கும் தனி லேம்ப். 2 மில்லியில் ஈயம் பார்த்து லேம்ப் மாற்றினால் காட்மியத்துக்கு மிச்சம் இருக்காது. நான் துகளையும் கூட்டி 250 மில்லிக்கு 5 மில்லி வைத்துக்கொள்கிறேன். அதே 50 மடங்குதான். முன்பு இதே வேலைக்குத் தண்ணீரை ஒரு சின்னக் குழாய் மாதிரியான கார்ட்ரிட்ஜ் வழியாக விடுவோம், அதில் வண்டல் அடைத்துப் படுத்தும். அந்தத் தலைவலி போனது.

குறை எங்கே என்றால், கையேட்டில் இருக்கும் சோதனைகள் எல்லாம் வடிநீரில், அதாவது காய்ச்சி வடித்த சுத்த நீரில் செய்தவை. இங்கே பாறைக்குள் இறக்கிய போர், தண்ணீர் கடினம். தெரிந்த அளவு ஈயம் கலந்து பார்த்தேன். வடிநீரில் கிட்டத்தட்ட முழுதும் திரும்பி வந்தது. காவேரிப்பட்டணம் பக்கத்துப் போர் தண்ணீரில் முக்கால்வாசிதான். கடின நீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் துகளில் ஈயத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. துகளை இரட்டிப்பாக்கியதும் சரியானது, செலவும் இரட்டிப்பானது! இதை விற்றவர்களிடம் கேட்டதற்கு அதே கையேட்டை மறுபடியும் அனுப்பினார்கள். ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் கழிவு கலந்து நுரை பொங்கும் நாளில் எடுத்த தண்ணீரென்றால், முதலில் அமிலத்தில் காய்ச்சிவிட வேண்டும். அழுக்கோடு ஒட்டிய உலோகத்தைத் துகள் தொடவே தொடாது.

இரும்பு பார்க்க இதை வாங்காதீர்கள். துகளே இரும்பு ஆக்சைடு. அமிலத்தில் கொஞ்சம் கரைந்து கணக்கைக் கெடுக்கும். பென்னாகரம் பக்கமிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது ஃப்ளோரைடுதான். அதுவும் இதில் சிக்காது, அதற்குத் தனி எலக்ட்ரோடு.

கூட வந்த காந்தம் பலவீனம். நியோடிமியம் என்ற வலுவான காந்தக் கட்டி ஒன்று வாங்கி வைத்த பிறகு தூள் ஒதுங்கக் காத்திருக்க வேண்டியதில்லை. ஈயமும் காட்மியமும் மட்டும் பார்க்கிற சின்ன லேபுக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அப்புறம் ஒன்று, பெரிய பேக் வேண்டாம். திறந்து நாளானால் துகள் கட்டிதட்டிப் போகிறது.